ஆனியின் நீட்சியும் மார்கழியின் குறுக்கமும்

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நம் ஊர்ப் புலவர். தில்லை நகரிலிருந்து உறையூருக்கு நடந்தே போய் வரலாம். அவர் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாடல் ஒன்று புறநானூற்றில் 30-ஆம் பாட்டாக நிற்கிறது. ஞாயிறு போகும் நெறி, அதன் இயக்கம், அதனைச் சூழ்ந்த வட்டம், காற்று திரியும் திசை, பற்றுக்கோடு இல்லாமல் நிற்கும் வானம் ஆகியவற்றைத் தாமே போய் அளந்து வந்தவர்களைப் போல எடுத்துரைப்போர் இருக்கிறார்கள் என்று அதில் புலவர் குறிப்பிடுகிறார். அத்தகையோரின் அறிவுக்கும் அகப்படாத ஆழம் உடையவன் நீ என்பது மன்னனுக்கு அவர் சூட்டும் புகழ்.

புகழை மன்னனுக்கு விட்டுவிடுவோம். வானத்தை அளந்தவர் போலச் சொன்ன அந்த அறிவரைப் பற்றியே இங்குப் பேச எண்ணுகிறேன். ஞாயிற்றின் நெறியையும் இயக்கத்தையும் கணித்தவர்கள் தமிழகத்தில் தொடர்ந்து இருந்து வந்தார்கள். அவர்கள் கண்டறிந்த பேருண்மை ஒன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இன்றும் பதிந்து கிடக்கிறது. ஆண்டுதோறும் தாள் கிழிக்கும் நாம் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

பன்னிரு மாதங்களின் அளவு

தமிழ் மாதங்கள் ஒத்த நீளம் உடையவை அல்ல. ஆனி மாதத்திற்கு 31 நாள் வரும். சில ஆண்டுகளில் 32 நாளும் வரும். மார்கழிக்கு 29 நாள்தான், எப்போதாவது 30. ஆங்கில மாதங்களின் ஏற்றத்தாழ்வு உரோமானியர் வகுத்த ஏற்பாடு. பிப்ரவரி குறுகியதற்கும் சூலை நீண்டதற்கும் வானத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. தமிழ் மாதங்களின் ஏற்றத்தாழ்வு அப்படிப்பட்டதன்று. கதிரவன் ஓர் இராசியில் புகுந்து அதைக் கடந்து அடுத்த இராசியில் புகும்வரை உள்ள காலமே நமக்கு ஒரு மாதம். இராசிகள் பன்னிரண்டும் தலைக்கு 30 பாகை என்று சமமாகப் பகுக்கப்பட்டவை. வழி சமமாக இருக்க, காலம் மட்டும் ஏன் வேறுபடுகிறது?

பழைய வாக்கியக் கணிதம் மாதங்களுக்குத் தந்துள்ள அளவுகள் துல்லியமானவை. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. அந்தக் கணக்கில் சித்திரை 30 நாள் 55 நாழிகை 32 விநாழிகை. வைகாசி 31 நாள் 24 நாழிகை 12 விநாழிகை. ஆனி 31 நாள் 36 நாழிகை 38 விநாழிகை. பன்னிரண்டிலும் நீண்டது இதுவே. அதன்பின் ஆடி, ஆவணி, புரட்டாசி என்று அளவு படிப்படியாகக் குறைந்து, கார்த்திகையில் 29 நாள் 30 நாழிகை 24 விநாழிகையாகிறது. மார்கழியில் 29 நாள் 20 நாழிகை 53 விநாழிகை. இதற்குக் கீழ் எந்த மாதமும் இறங்குவதில்லை. தையில் 29 நாள் 27 நாழிகை 16 விநாழிகை என்று அளவு மறுபடி ஏறத் தொடங்குகிறது.

மாதம் பிறக்கும் நாழிகை பகலில் விழுந்தால் அன்றே முதல் நாள்; கதிர் மறைந்தபின் விழுந்தால் மறுநாளே முதல் நாள் என்பது தமிழ்நாட்டு வழக்கு. ஆகவேதான் நாழிகைகள் மறைந்து, 29, 30, 31, 32 என்ற முழு எண்களே நாட்காட்டியில் தோன்றுகின்றன. 32 என்னும் எண் ஓர் ஆண்டு ஆனியிலும் வேறோர் ஆண்டு ஆடியிலோ வைகாசியிலோ வந்து அமர்வதற்கும் இதுவே காரணம்.

சித்திரை முதல் புரட்டாசி முடிய உள்ள ஆறு மாதங்களைக் கூட்டினால் 186 நாளும் 54 நாழிகையும் வருகின்றன. ஐப்பசி முதல் பங்குனி முடிய 178 நாளும் 21 நாழிகையும்தான். சரிபாதி வழியைக் கடக்க ஒரு பக்கத்தில் எட்டரை நாள் கூடுதலாகிறது. முதல் பாதியில் தயங்கித் தயங்கி நடக்கும் கதிரவன் பின்பாதியில் விரைகிறான். தயக்கத்தின் உச்சம் ஆனி; விரைவின் உச்சம் மார்கழி.

அருகும் தொலைவும்

கதிரவன் நடப்பதாகச் சொல்வது நம் கண்ணின் வழக்கு. நடப்பது பூமி. அது கதிரவனைச் சுற்றும் பாதை முழு வட்டமன்று, சற்றே நீண்ட வட்டம். கதிரவன் அதன் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கிய குவியத்தில் இருக்கிறான். எனவே பூமி ஆண்டுக்கொரு முறை அவனை நெருங்குகிறது. ஒரு முறை விலகுகிறது. நெருங்கும்போது இடைவெளி ஏறத்தாழ 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். விலகும்போது 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டர். வேறுபாடு 50 லட்சம் கிலோமீட்டர். நமக்கும் நிலவுக்கும் இடைப்பட்ட தொலைவைப் போல் இது பதின்மூன்று மடங்கு.

நெருங்கும்போது பூமி நொடிக்கு 30.3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, விலகியிருக்கும்போது 29.3 கிலோமீட்டர். நெருங்கிய நாளில் கதிரவன் ஒரு பகலும் இரவும் கழிவதற்குள் வானத்தில் 61 கலை நகர்கிறான்; விலகிய நாளில் 57 கலைதான். இந்த நான்கு கலை வேறுபாடு திரண்டு திரண்டுதான் மார்கழிக்கும் ஆனிக்கும் இடையே இரண்டு நாளுக்கு மேற்பட்ட ஏற்றத்தாழ்வாக நிற்கிறது.

2025-ஆம் ஆண்டில் பூமி கதிரவனை மிக நெருங்கிய நாள் சனவரி 4. தமிழ்க் கணக்கில் மார்கழி 20. மிக விலகிய நேரம், நம் நாட்டு மணிப்படி, சூலை 4 அதிகாலை. தமிழ்க் கணக்கில் ஆனி 20. மாதங்களுள் குறுகியதன் நடுப்பகுதியில் அண்மைநிலை. நீண்டதன் நடுப்பகுதியில் சேய்மைநிலை. நாட்காட்டியும் வானமும் ஒன்றையொன்று இவ்வளவு நெருக்கமாகத் தழுவிக்கொள்கின்றன.

கவிஞர்களுக்கு இங்கே ஒரு வியப்பு உண்டு. பனி பெய்யும் மார்கழி வைகறையில், திருவரங்கத்து வீதிகளில் போர்வை போர்த்தி நடக்கும் பொழுதில்தான் கதிரவன் நமக்கு மிக அருகில் இருக்கிறான். பாறைகள் பழுக்கும் அக்கினி நட்சத்திர நாள்களில் அவன் 15 கோடிக் கிலோமீட்டரைக் கடந்து விலகிக்கொண்டிருக்கிறான். வெயிலும் பனியும் தொலைவால் வருவன அல்ல. பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதால் கதிர்கள் ஒரு பருவத்தில் நேராகவும் ஒரு பருவத்தில் சாய்வாகவும் விழுகின்றன. பகல் நீள்கிறது, குறைகிறது. தொலைவின் வேறுபாட்டால் பூமி பெறும் வெப்பம் நூற்றுக்கு ஏழு அளவே மாறும். சாய்வின் வலிமைக்கு முன்னால் அது அடங்கிப் போகிறது. அருகில் இருப்பது குளிர்ந்தும் தொலைவில் இருப்பது சுட்டும் போகக்கூடும் என்பதை அகப்பாடல் மரபில் வந்த நமக்கு வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

உச்சத்தைக் கண்டவர்கள்

ஞாயிற்றின் நடை சீரானதன்று என்பதைப் பண்டைய நாகரிகங்கள் பலவும் உணர்ந்திருந்தன. கிரேக்க நாட்டு இப்பார்க்கசு, இளவேனில் 94½ நாளும் கோடை 92½ நாளும் கொண்டவை என்று கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கணித்தார். வட்டத்தின் நடுவிலிருந்து பூமியைச் சற்றே தள்ளி வைத்தால் இந்த வேறுபாடு விளங்கும் என்று காட்டினார்.

இந்திய மரபில் கி.பி. 499-ஆம் ஆண்டைத் தம் நூலில் குறித்த ஆரியபடர், கதிரவன் மிக மெதுவாக நகரும் இடத்தை மிதுன இராசியில் 18 பாகை என்று வகுத்தார். இதற்கு மந்தோச்சம் என்று பெயர்; மெதுநடையின் உச்சி எனப் பொருள் கொள்ளலாம். கதிரவன் அந்த இடத்தை எட்டுவது ஆனி 20-ஆம் நாளையொட்டி. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் குறித்த இடமும் 2025-இல் பூமி விலகி நின்ற நாளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதை என்னென்பது!

இதில் தற்செயலும் கொஞ்சம் உண்டு. பூமியின் சேய்மைநிலை விண்மீன்களின் பின்னணியில் ஒரே இடத்தில் நில்லாமல் மெல்ல நகர்கிறது. ஒரு பாகை நகர முந்நூறு ஆண்டுக்கு மேலாகும். ஆரியபடரின் ஆண்டளவோ உண்மை அளவைவிட மூன்று நிமிடமும் சில நொடியும் கூடுதலானது. இந்தப் பிழையும் அந்த நகர்வும் ஒரே திசையில் செல்வதால், தமிழ் மாதக் கணக்கில் சேய்மைநிலை ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளில் ஒன்றரை நாள் அளவே விலகியிருக்கிறது.

ஏற்றத்தாழ்வின் அளவைப் பழங்கணிதம் சற்றே மிகுத்துக் கொண்டது. சீரான நடைக்கும் உண்மை நடைக்கும் உள்ள பெரும வேறுபாடு அதில் 2 பாகை 9 கலை. இன்றைய அளவு 1 பாகை 55 கலை. அதனால்தான் ஆனிக்கும் மார்கழிக்கும் உள்ள இடைவெளி பழங்கணக்கில் இரண்டேகால் நாளாகவும் உண்மையில் இரண்டு நாளாகவும் இருக்கிறது.

சொல்லில் வைத்த எண்

இந்தக் கணிதம் தமிழகத்தில் எவ்வாறு காக்கப்பட்டது என்பதுதான் இலக்கிய வட்டத்து அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி. அது எண்ணாகக் காக்கப்படவில்லை, சொல்லாகக் காக்கப்பட்டது.

வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை வகுத்து, எண்களைப் பொருளுடைய சிறு சொற்றொடர்களாக அமைத்து வைத்தார்கள். இதற்குக் கடபயாதி முறை என்று பெயர். இத்தொடர்கள் வாக்கியம் எனப்பட்டன. வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் இதிலிருந்தே வந்தது. நிலவின் நிலையைச் சொல்ல வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள் உள்ளன. நிலவும் நம்மை நெருங்கியும் விலகியும் சுற்றுவது. 248 நாளில் அந்த நெருக்கமும் விலக்கமும் ஒன்பது முறை நிகழ்ந்து, ஏறத்தாழப் பழைய நிலைக்கு மீள்கின்றன.

கதிரவனுக்கு 48 வாக்கியங்கள். முதற்சொல்லை வைத்து இவற்றை யோக்யாதி வாக்கியங்கள் என்பர். மாதத்திற்கு நான்காக, எட்டெட்டு நாளுக்கு ஒன்றாக அவை அமைந்தவை. கதிரவன் நாளுக்கு ஒரு பாகை என்று எட்டு நாளில் எட்டுப் பாகை நடப்பதாக முதலில் கொள்வர். பிறகு அந்தந்தப் பருவத்தில் எத்தனை கலை குறைக்க வேண்டும், எத்தனை கலை கூட்ட வேண்டும் என்பதை வாக்கியம் சொல்லும். ஆனியில் ஏறத்தாழ 24 கலை குறையும். மார்கழியில் ஏறத்தாழ 10 கலை கூடும். இச்சிறு தொடர்களை மனப்பாடம் செய்த ஒருவர், பூமியின் பாதை எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்பதன் விளைவை ஓலையும் எழுத்தாணியும் இல்லாமலே நாவில் சுமந்து திரிந்தார்.

இம்மரபின் மூலநூலாகிய வாக்கியகரணம் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி எழுந்ததாகக் கருதப்படுகிறது. தி. சு. குப்பண்ண சாஸ்திரியும் கி. வே. சர்மாவும் பதிப்பித்து, சென்னை குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் 1962-இல் அதனை வெளியிட்டது. உடன் அச்சான உரை தமிழ்நாட்டுச் சுந்தரராஜர் இயற்றியது. இவர் உரை எழுதியதோடு அமையவில்லை. கேரளத்தில் 1500-ஐ ஒட்டித் தந்திரசங்கிரகம் இயற்றிய நீலகண்ட சோமயாஜிக்கு வானியல் ஐயங்களை எழுதி அனுப்பினார். அவரும் விடை எழுதினார். வாக்கியங்களைக் காத்த கூட்டத்தில், அவற்றைக் கேள்வி கேட்கவும் ஒருவர் இருந்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

பாதி தொலைவு, பாதி வேகம்

பழங்கணிதர்களுக்குத் தொலைவு மாறுவதும் தெரியும். கிரகண நாளில் கதிரவனின் வட்டு எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதைக் காண, நடுத்தர வட்டளவை அன்றைய வேகத்தால் பெருக்கி நடுத்தர வேகத்தால் வகுக்கச் சூரிய சித்தாந்தம் சொல்கிறது. விரைவாக நகர்ந்தால் அருகில் இருக்கிறான், மெதுவாக நகர்ந்தால் தொலைவில் இருக்கிறான் என்பது இதன் உட்கோள். கதிரவனின் உண்மை வேகம் எப்போதும் ஒன்றே. அருகில் இருக்கும்போது விரைவதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான் என்று கிரேக்கரும் கருதினர்.

இந்தக் கருத்தை உடைத்தவர் செருமானியராகிய யோகன்னசு கெப்ளர். டைக்கோ பிராகி பல ஆண்டுகள் அளந்து வைத்த செவ்வாயின் நிலைகள் அவர் கைக்கு வந்தன. செவ்வாய் கதிரவனை ஒரு முறை சுற்ற 687 நாள் ஆகிறது. 687 நாளுக்கு ஒரு முறை செவ்வாய் அதே இடத்துக்கு வந்து நிற்கும். பூமியோ ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். அசையாத விளக்கு ஒன்றைப் பல திண்ணைகளிலிருந்து நோக்கித் திண்ணைகளின் இடத்தைக் கணிப்பது போல, கெப்ளர் செவ்வாயை நோக்கிப் பூமியின் பாதையை வரைந்தார். நாளொன்றுக்குக் கதிரவன் நகரும் அளவு ஆண்டுக்குள் பதினைந்தில் ஒரு பங்கு மாறுகிறது. ஆனால் தொலைவு முப்பதில் ஒரு பங்குதான் மாறுகிறது. அப்படியானால் தோற்றத்தில் காணும் மாற்றத்தில் பாதியே தொலைவால் வருவது. மறுபாதி பூமியின் வேகமே மெய்யாக மாறுவதால் வருவது.

வேகம் மெய்யாக மாறுகிறது என்றதும் வானியலின் வாசல் திறந்துகொண்டது. கதிரவனையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கும்; கோளின் பாதை நீள்வட்டம் என்னும் இரு விதிகளைக் கெப்ளர் 1609-இல் வெளியிட்டார். நீள்வட்டம் பூமிக்கு மட்டும் உரியதன்று. செவ்வாய் 20 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கி, 24 கோடியே 90 லட்சம் வரை விலகுகிறது. ஏன் இப்படி என்பதற்கான காரணத்தை ஈர்ப்பு விதியால் நியூட்டன் 1687-இல் விளக்கினார்.

புதுச்சேரியில் நேர்ந்த சந்திப்பு

கெப்ளரின் விதிகள் தொலைவுகளின் விகிதத்தைச் சொல்லும். தொலைவு இத்தனை காதம் என்று சொல்லமாட்டா. அதை அறியக் கதிரவன் முகத்தை வெள்ளிக்கோள் கடக்கும் அரிய நிகழ்ச்சியைப் பல நாடுகளிலிருந்து நோக்க வேண்டும் என்று ஆலி 1716-இல் வழி சொன்னார். 1761-இலும் 1769-இலும் அந்நிகழ்ச்சி வந்தது. பிரான்சிலிருந்து புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்டார் லெ சாந்தீல் என்னும் வானியலர். 1761-இல் அவர் கப்பல் வருமுன் புதுச்சேரியை ஆங்கிலேயர் கைப்பற்றிவிட்டனர். ஆடும் கப்பலில் நின்று நோக்கியது பயன்படவில்லை. எட்டாண்டு காத்திருந்து, புதுச்சேரியில் நோக்ககம் அமைத்து, 1769 சூன் 4 காலையில் ஆயத்தமாக நின்றார். மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்தபின் வானம் வெளுத்தது.

கதிரவன் எவ்வளவு தொலைவு என்று அளக்க வந்தவர் அளக்காமலே திரும்பினார். ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அவர் புதுச்சேரியில் கற்றுக்கொண்டு தம் பயண நூலில் எழுதினார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நீளத்தைத் தமிழ் முறையில் கணித்தபோது பிழை 41 நொடி. ஐரோப்பாவில் சிறந்ததெனப் பெயர் பெற்ற மேயரின் அட்டவணையில் பிழை 68 நொடி.

இந்தப் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் வரலாறு பாதியாகிவிடும். சென்னை வானோக்ககத்தில் பணியாற்றிய சான் வாரன், 1825-இல் காலசங்கலிதம் என்னும் பெருநூலைச் சென்னையில் வெளியிட்டார். அவரும் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். அக்கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு, 1825 மே 31 இரவில் தொடங்கிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். அவருடைய நினைவாற்றலை வாரன் வியந்தார். அதே சமயம், தாம் கையாளும் கணக்கின் காரணம் அவருக்குச் சிறிதும் தெரியவில்லை என்றும் எழுதி வைத்தார். பிற்காலத்தில் ஆட்டோ நியூகபவர் என்னும் அறிஞர் 1952-இல் தமிழ் வானியல் என்றே பெயரிட்டு எழுதிய ஆய்வில், இந்தச் சோழிக் கணக்கின் வேர்களைப் பாபிலோனிய மரபுவரை தேடிச் சென்றார்.

ஒரே மண்ணில் சுந்தரராஜர் ஒரு பக்கம். இந்தக் கணிதர் ஒரு பக்கம். ஒருவர் வாக்கியத்தையும் காத்தார், அதன் காரணத்தையும் வினவினார். மற்றவரிடம் வாக்கியம் மட்டும் எஞ்சியது. வாக்கியம் மட்டும் எஞ்சும்போது அதில் உள்ள சிறு பிழை ஆண்டுக்காண்டு வளர்கிறது. திருத்துவதற்கு ஆள் இல்லை. சென்னை வானோக்ககத்தில் உயர் பொறுப்பு வகித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதை உணர்ந்தவர். கண்ணால் கண்டு சரிபார்த்த அளவுகளைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874 டிசம்பர் 9-இல் வெள்ளி மீண்டும் கதிரவனைக் கடந்தபோது, நாட்டு மக்களுக்கு அதை விளக்க உரையாடல் வடிவில் சிறு நூல் எழுதினார். வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு அன்று முதல் இன்றளவும் ஓயவில்லை.

திருவரங்கத்து மார்கழி

அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. திருவரங்கம் பெரிய கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. அந்தக் கோயிலில் 2021-ஆம் ஆண்டு நடந்தது இக்கட்டுரைக்கு நல்ல சான்று.

அமாவாசையிலிருந்து அமாவாசை வரை உள்ள நிலவு மாதம் சராசரியாக 29 நாளும் 32 நாழிகையும் கொண்டது. மார்கழியின் அளவு அதைவிடக் குறைவு. ஆகையால் ஒரு குறிப்பிட்ட திதி மார்கழியில் வராமலே போகவும் வாய்ப்பு உண்டு. 2021-இல் மார்கழி பிறந்தது டிசம்பர் 16. வளர்பிறை ஏகாதசி டிசம்பர் 14-இல் வந்து போயிருந்தது. அது கார்த்திகை 28. அடுத்த ஏகாதசி 2022 சனவரி 13; அது மார்கழியின் கடைசி நாளாகிய 29. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் அந்த மார்கழிக்கு வளர்பிறை ஏகாதசியே இல்லை. பிற தலங்கள் பல சனவரி 13-இல் வைகுண்ட ஏகாதசி கொண்டாடின. திருவரங்கத்திலோ, அந்நாளில் கொண்டாடினால் இராப்பத்துத் திருநாள் தைத் திருவிழாவோடு மோதும். எனவே 19 ஆண்டுக்கு ஒரு முறை பின்பற்றும் வழக்கப்படி, டிசம்பர் 14-இல் கார்த்திகையிலேயே பரமபத வாசல் திறந்தது. 19 ஆண்டும் 235 நிலவு மாதமும் ஏறத்தாழச் சமமானவை. அந்தச் சுழற்சியே இவ்வழக்கின் அடிப்படை.

இதே குறுக்கத்தின் இன்னொரு விளைவு, நிலவு மாதத்தைப் பின்பற்றும் பஞ்சாங்கங்களில் அரிதாக வரும் க்ஷய மாதம். ஓர் இராசிமாதம் நிலவு மாதத்திற்குள் முழுவதும் அடங்கிவிட்டால் ஒரு நிலவு மாதத்தின் பெயர் விடுபடும். கார்த்திகை, மார்கழி, தை ஆகிய குறுமாதங்களை ஒட்டியே இது நேரும். 1963–64-இலும் 1982–83-இலும் நேர்ந்தது. கோடை மாதங்களில் நேர வழியில்லை. பூமி கதிரவனை நெருங்கும் காலத்தில் மட்டுமே வானம் ஒரு மாதத்தை விழுங்குகிறது.

வரலாற்றாசிரியர்க்கும் இவ்வளவுகள் கருவியாயின. திருவரங்கம் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24-ஆம் தொகுதியாக 1982-இல் வெளிவந்தன. பழங்கல்வெட்டுகள் பல ஆட்சியாண்டோடு மாதம், திதி, கிழமை, நாள்மீன் ஆகியவற்றைக் குறிப்பவை. இவற்றை இன்றைய தேதியோடு பொருத்த, எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவான அட்டவணைகளை உருவாக்கினார். மாதங்கள் சமம் என்று கொண்டு கணக்கிட்டால் கிழமை பிசகும். கிழமை பிசகினால் மன்னனின் ஆண்டு பிசகும். சோழர் பாண்டியர் கால வரிசையைச் செப்பம் செய்ததில் ஆனியின் நீட்சிக்கும் மார்கழியின் குறுக்கத்திற்கும் பங்கு உண்டு.

இன்னொரு பொருத்தம். பூமியின் அண்மைநிலை பருவங்களோடு ஒப்பிட மெல்ல நகர்ந்து, ஏறத்தாழ 21,000 ஆண்டில் ஒரு சுற்று வருகிறது. அது நெடிய இரவுடைய டிசம்பர்த் திருப்பு நாளோடு ஒன்றி நின்ற காலம் 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சமயபுரத்துக்கு அருகே கண்ணனூரில் போசளர் அரசிருந்ததும், 1251-இல் முடிசூடிய முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் திருவரங்கத்திற்குப் பொன் வேய்ந்ததும் அக்காலத்தை ஒட்டியே. அதற்குப்பின் அண்மைநிலை இரண்டு வாரம் போல் தள்ளிச் சனவரி முதல் வாரத்துக்கு வந்திருக்கிறது. வருங்காலத்தில் ஒருநாள் நம் நாட்டுக் கோடையிலேயே பூமி கதிரவனை நெருங்கும். அதைக் காண நாம் இருக்கமாட்டோம், கணக்கு இருக்கும்.

வட்டத்தார்க்கு ஒரு சொல்

மேகநாத சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் அறிக்கை அளித்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டியில், வைசாகம் முதல் பாத்திரபதம் முடிய ஐந்து மாதங்களுக்கு 31 நாள் நிலையாக வைத்தார்கள். நாழிகைக் கணக்கை விட்டுவிட்ட அந்த அறிவியலாளர்களும், கதிரவன் தயங்கும் பாதிக்கு நாள்களைக் கூட்டிக் கொடுத்தே தீர வேண்டியிருந்தது. உண்மையை எந்த நாட்காட்டியாலும் ஒதுக்கிவிட முடியாது.

நம் வட்டம் தோன்றிய பத்தாண்டில் பூமி கதிரவனைப் பத்து முறை சுற்றி, ஏறத்தாழ 940 கோடிக் கிலோமீட்டர் கடந்திருக்கிறது. பத்து முறை நெருங்கியும் பத்து முறை விலகியும் வந்திருக்கிறது. கவிதைகளில் மார்கழியையும் ஆடியையும் ஐப்பசியையும் நாம் ஓயாமல் ஆள்கிறோம். அவை பனிக்கும் காற்றுக்கும் மழைக்கும் வைத்த பெயர்கள் மட்டும் அல்ல. ஒவ்வொன்றும் ஓர் அளவு. ஒவ்வோர் அளவும் பூமி செல்லும் பாதையில் ஒரு துண்டு.

அந்த அளவுகளை நம் முன்னோர் சொல்லில் வைத்துக் காத்தார்கள். ஓலை செல்லரித்தாலும் அரசுகள் மாறினாலும் சொல் நிலைத்தது. ஆயினும் சொல்லை மட்டும் காத்த காலத்தில் அதன் பொருள் கைநழுவிற்று. பொருள் நழுவியதும் பிழை புகுந்தது. பாட்டை மனப்பாடம் செய்வதும் அதன் பொருளை வினவுவதும் ஒரே கல்வியின் இரு கைகள். முதுகண்ணன் சாத்தனார் அளந்தோரை அறிந்து பாடினார். சுந்தரராஜர் அறிந்ததை மேலும் வினவினார். பதினொன்றாம் ஆண்டில் கால் வைக்கும் நம் வட்டம் பாட்டரங்கத்தோடு வினாவரங்கத்தையும் நடத்தட்டும். வரும் மார்கழியில் ஓரிரவு காவிரிக் கரையில் கூடி, அருகில் வந்திருக்கும் ஞாயிற்றைப் பற்றி இளையவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். அவர்கள் ஏன் என்று கேட்டால் மகிழ்வோம்.